கோஸ் புழுவுக்கு மருந்து பழகுமா?

வணக்கம். கேத்தி, எமரால்டு, இத்தலார், நஞ்சநாடு என்று நீலகிரியில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு கோஸ் தோட்டமாவது கண்ணில் படும். அப்படி ஒரு தோட்டத்துக்குள் இறங்கி, ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்றுவிட்டு, மேல்தோலை மட்டும் கண்ணாடித்தாள் மாதிரி விட்டுவைத்த இடங்கள் தெரியும். பக்கத்திலேயே இரண்டு முனையும் கூம்பிய ஓர் இளம்பச்சைப் புழு இருக்கும். விரல் பட்டால் பின்பக்கமாகத் துள்ளி நெளியும். இன்னும் சீண்டினால் நூல் விட்டுத் தொங்கும். இதுதான் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. வளர்ந்த பூச்சி இறக்கையை மடக்கி உட்காரும்போது முதுகில் மூன்று வைரக்கட்டம் வரிசையாகத் தெரியும். அதனால் அந்தப் பெயர். பூச்சியின் மொத்த நீளமே ஒரு சென்டிமீட்டருக்குள்தான்.

இதைப் பற்றி மருந்துக் கடை வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு, ‘புழுவுக்கு மருந்து பழகிடுச்சுங்க’ என்பது. சாராயம் குடிக்கிறவருக்குப் போதை பழகுவதுபோல் புழுவுக்கும் மருந்து பழகுகிறது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. உண்மையில் எந்தப் புழுவும் பழகுவதில்லை. தாங்காத புழு செத்துப்போகிறது, தாங்குகிற புழு முட்டையிடுகிறது, அடுத்த பட்டம் அதன் பிள்ளைகளால் நிறைகிறது. மாறுவது கூட்டம், தனிப்புழு பிறந்தபடியேதான் சாகிறது. இந்தப் பூச்சி கோஸைத் தின்னத் தொடங்கியதும் இதே வழியில்தான். அந்தப் பழைய கதையைத் தெரிந்துகொண்டால் மருந்துக் கதை எளிதாகப் புரியும்.

அதற்கு முதலில் அடுப்பங்கரைக்குப் போவோம். கடுகைக் காய்ந்த எண்ணெயில் தாளித்தால் வெடிக்கும், மணக்கும், ஆனால் மூக்கில் ஏறாது. அதே கடுகைப் பச்சையாக அரைத்துத் தண்ணீர் விட்டுக் கொஞ்ச நேரம் வைத்தால் கண்ணில் நீர் வரும். காரணம், கடுகுக்குள் அந்தக் காரம் தயாராக இல்லை. குளுக்கோசினோலேட் என்ற பொருள் ஓர் அறையிலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. நசுங்கினால் இரண்டும் கலந்து கடுகெண்ணெய்க் காரம் பிறக்கிறது. தாளிக்கும்போது சூட்டில் நொதி செத்துவிடுவதால் காரம் வருவதில்லை. கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி, டர்னிப், புரோக்கோலி எல்லாம் கடுகுக் குடும்பம். எல்லாவற்றிலும் இதே ஏற்பாடுதான். நாம் துவையலில் ரசிக்கும் அந்தக் காரம் செடியைக் கடிக்கிற பெரும்பாலான பூச்சிகளுக்கு விஷம்.

நம் புழு இதை எப்படிக் கடக்கிறது? ஜெர்மனியின் யேனா நகரத்து மாக்ஸ் பிளாங்க் வேதிச் சூழலியல் நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 2002-இல் இதற்கு விடை சொன்னது. புழுவின் குடலில் சல்ஃபடேஸ் என்ற நொதி இருக்கிறது. குளுக்கோசினோலேட்டில் ஒட்டியிருக்கும் சல்ஃபேட் துண்டை அது முந்திக்கொண்டு வெட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு மைரோசினேஸால் அந்தப் பொருளைத் தொட முடியாது. வெடியில் திரியைப் பிடுங்கிவிட்ட மாதிரி. கோஸ் தோட்டத்தில் மதிய வெயிலில் பறக்கும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். அதன் நெருங்கிய உறவுக்காரப் பூச்சியில் வேறு ஏற்பாடு இருக்கிறது. அது திரியைப் பிடுங்குவதில்லை. வெடிக்க விட்டு, குடலிலுள்ள ஒரு புரதத்தைக் கொண்டு, விளைவதை அவ்வளவு கொடுமையில்லாத நைட்ரைலாகத் திருப்பிவிடுகிறது. ஒரே செடி, ஒரே விஷம், இரண்டு பரம்பரைகள் தனித்தனியே கண்டுகொண்ட இரண்டு வழிகள். இதில் எனக்குப் பிடித்த பகுதி அடுத்தது: மற்றப் பூச்சிகளை விரட்டும் அந்தக் கார வாசனைதான் வைரமுதுகுத் தாய்ப்பூச்சிக்கு முகவரி. அந்த வாசனை இருக்கும் இலையில்தான் அது முட்டையிட இறங்கும். விஷத்தைத் தாண்டிய பிறகு விஷமே வழிகாட்டியாகிவிட்டது.

இனி மருந்துக்கு வருவோம். ஒரு கணக்குப் போடுவோம், எண்கள் உதாரணத்துக்குத்தான். மலையில் 40-க்கு 40 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 25,000 செடி. செடிக்குப் பத்துப் புழு என்றால் இரண்டரை லட்சம். ஒவ்வொரு புழுவிலும் ஒரு மரபணு இரண்டு பிரதி இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. மருந்தைத் தாங்கும் வடிவம் ஆயிரம் பிரதிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒற்றைப் பிரதி சுமக்கும் புழு ஆயிரத்துக்கு இரண்டு, அதாவது ஏக்கருக்கு ஐந்நூறு. இரண்டு பிரதியும் தாங்கும் வடிவமாக உள்ள புழு பத்து லட்சத்துக்கு ஒன்று, அதாவது நாலு ஏக்கருக்கு ஒன்று.

இந்த ஐந்நூறுக்கும் ஒன்றுக்கும் உள்ள தூரத்தில்தான் எல்லாமே இருக்கிறது. முழு அளவு மருந்து இலையின் அடிப்பக்கத்தில் சரியாகப் படிந்தால், ஒற்றைப் பிரதிப் புழுக்களும் பெரும்பாலும் சாகும். மிஞ்சுவது நாலு ஏக்கருக்கு ஒன்று. அதுவும் மருந்து படாத இடத்திலிருந்து வரும் சாதாரணப் பூச்சியோடு கூடினால், பிள்ளைகள் எல்லாம் ஒற்றைப் பிரதி. அடுத்த தெளிப்பில் அவையும் சாகும். ஆனால் அளவைப் பாதியாக்கினாலோ, மருந்து இலையில் நிற்காமல் உருண்டு ஓடினாலோ, அந்த ஐந்நூறும் பிழைக்கும். அவை தங்களுக்குள் கூடினால் பிள்ளைகளில் நாலில் ஒன்று இரட்டைப் பிரதி. இரண்டே தலைமுறையில், நாலு ஏக்கருக்கு ஒன்று என்றிருந்தது செடிக்குச் செடி வந்துவிடும். கோஸ் இலையில் மெழுகு அதிகம், தண்ணீர் முத்து முத்தாக உருளும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒட்டுத் திரவம் கலக்காமல், நாசிலை மேலிருந்து காட்டி அடிப்பது மருந்தை வீணாக்குவதோடு நிற்பதில்லை. பிழைக்கவேண்டாத புழுவைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறது.

வெளிநாட்டு அனுபவம் கொஞ்சம். ஜாவாத் தீவின் லெம்பாங், நம் ஊர் போலவே காய்கறி விளையும் குளிர்ந்த மலைப்பகுதி. டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி அங்கே இந்தப் பூச்சியைக் கொல்லவில்லை என்று 1953-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஹவாயில், தண்ணீரில் வளரும் ஒருவகைக் கடுகுக் குடும்பக் கீரைத் தோட்டங்களில், பி.டி. என்ற பாக்டீரியா மருந்தைத் தாங்கும் கூட்டம் 1990-இல் பதிவானது. திறந்த வயலில் பி.டி.யைத் தாங்கிய பூச்சி என்று உலகம் முதலில் பேசியது இதைத்தான். இயற்கை மருந்துக்கு எதிர்ப்பு வராது என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேப்ப மருந்தானாலும் பாக்டீரியா ஆனாலும், கொல்கிற எதுவும் தேர்வு செய்கிறது. பி.டி. நஞ்சு போய் ஒட்டவேண்டிய குடல் செல்லில் மாற்றம் வந்துவிட்டது, ஏ.பி.சி.சி.2 என்ற மரபணு அதில் தொடர்புடையது என்று பின்னால் தெரிந்தது. அந்த ஹவாய்ப் பூச்சிகளைப் பி.டி. இல்லாமல் ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தபோது எதிர்ப்பு தேய்ந்தது. தாங்கும் வடிவத்தைச் சுமப்பதற்கும் ஒரு செலவு உண்டு, மருந்து இல்லாத காலத்தில் அந்தச் செலவு கண்ணில் படும் என்பது இதிலிருந்து கிடைத்த பாடம்.

இப்போது கோஸில் அதிகம் ஓடும் குளோரான்ட்ரனிலிப்ரோலும் ஃப்ளூபென்டியமைடும் புழுவின் தசையில் கால்சியத்தைத் திறந்துவிடும் ஒரே வாயிலைத்தான் தாக்குகின்றன. அந்த வாயில் புரதத்தில் 4946-ஆம் இடத்திலுள்ள ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், இரண்டு மருந்தும் பலிக்காது. பிலிப்பைன்ஸிலும் தாய்லாந்திலும் எடுத்த பூச்சிகளில் அதே இடத்தில் அதே மாற்றம், ஆனால் மரபெழுத்தில், அதாவது டி.என்.ஏ.வில், வேறு வேறு எழுத்து. அதாவது ஓரிடத்திலிருந்து மற்ற இடத்துக்குப் பரவாமல், இரண்டிடத்திலும் தனித்தனியே பிறந்திருக்கிறது. அதனால் அடுத்த ஊரிலிருந்து வந்துவிடுமோ என்று காவல் காப்பதால் மட்டும் தப்ப முடியாது. நம் தோட்டத்திலேயே பிறக்கலாம்.

மருந்தை மாற்றி மாற்றி அடிக்கிறேன் என்று சொல்கிறவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பாட்டில் பெயர் மாறுவது மாற்றம் ஆகாது. மருந்து பூச்சியை எந்த வழியில் கொல்கிறது என்பதை வைத்துக் குழு எண் கொடுத்திருக்கிறார்கள். சற்று முன் சொன்ன இரண்டும் 28-ஆம் செயல்முறைக் குழு. ஸ்பினோசாடும் ஸ்பினெட்டோராமும் இரண்டும் 5-ஆம் குழு. எமாமெக்டின் 6, பி.டி. 11, இண்டாக்ஸாகார்ப் 22. கடையில் கேட்கும்போது குழு எண்ணைக் கேளுங்கள். இரண்டாவது, மாற்ற வேண்டியது தலைமுறைக்குத் தலைமுறை. தெளிப்புக்குத் தெளிப்பு மாற்றினால், ஒரே தலைமுறைப் புழுக்கள் எல்லா மருந்தாலும் வடிகட்டப்படும்.

தலைமுறை எத்தனை நாள்? இந்தப் பூச்சி 7.4 டிகிரிக்குக் கீழே வளராது. அதற்கு மேலுள்ள வெப்பத்தை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போனால், முட்டையிலிருந்து பூச்சியாக ஏறக்குறைய 268 டிகிரி சேரவேண்டும். உதகையில் சராசரி 15 டிகிரி என்றால் ஒரு நாளைக்கு 7.6 சேரும், 268-ஐ 7.6-ஆல் வகுத்தால் 35 நாள். கோத்தகிரிப் பக்கம் 18 டிகிரி ஓடும் மாதத்தில் 25 நாள். கீழே சமவெளியில் 27 டிகிரி என்றால் 14 நாள்கூட ஆகாது. சமவெளிக்கு எழுதிய அட்டவணையை அப்படியே மலைக்குக் கொண்டுவந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழுவை மாற்றினால் கணக்குத் தப்பும். உதகை உயரத்தில் நட்டதிலிருந்து அறுப்பு வரை மூன்றரை மாதம் என்று வைத்தால் மூன்று தலைமுறை. ஒரு தலைமுறைக் காலத்துக்கு ஒரு குழு போதும். அந்தக் காலத்துக்குள் தெளிப்பே தேவைப்படாமல் போனால் இன்னும் நல்லது.

மருந்து வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தால், வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். எழுதிக்கொள்ள விரும்புகிறவர்கள் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டம் முழுக்க நடந்து, தள்ளித் தள்ளி உள்ள செடிகளிலிருந்து நூற்றிருபது புழுவாவது எடுங்கள். ஒரே செடியிலிருந்து எடுத்தால் எல்லாம் ஒரு தாய் பிள்ளைகளாக இருக்கலாம். ஒரு குடும்பத்தைச் சோதித்துவிட்டு ஊரைச் சோதித்ததாக நினைத்துவிடுவோம். முடிந்தால் அவற்றை மருந்து படாத கடுகு நாற்றில் வளர்த்து, அவை இடும் முட்டையிலிருந்து வரும் புழுவைப் பயன்படுத்துங்கள். இந்தப் புழுவுக்குள் முட்டையிடும் ஒரு குளவி உண்டு. வயலில் பிடித்த புழுவுக்குள் அதன் குஞ்சு இருந்தால் அது வேறு காரணத்தால் சாகும், நாம் மருந்துக்குப் புகழ் சேர்ப்போம்.

சோதனைக்கு ஏற்ற பருவம் அரிசி மணி நீளம். முதல் பருவப் புழு இலைக்குள் சுரங்கம் வைத்து ஒளிந்திருக்கும், எண்ண முடியாது. கடைசிப் பருவப் புழு கூடு கட்டும் நினைப்பில் தின்பதை நிறுத்தியிருக்கும், மருந்தும் உள்ளே போகாது.

மருந்தின் அளவைப் பாட்டில் சீட்டிலிருந்து எடுங்கள். ஏக்கருக்கு 20 மில்லி, 200 லிட்டர் தண்ணீர் என்றால் லிட்டருக்கு 0.1 மில்லி. அதை நேரடியாக அளக்க முயன்றால் தவறு வரும். ஒரு மில்லியை ஒரு லிட்டரில் கலக்குங்கள். அதில் 100 மில்லி எடுத்து 900 மில்லி தண்ணீரில் சேர்த்தால் வயல் அளவு கிடைத்துவிடும். அதில் மீண்டும் 100 மில்லி எடுத்து 900-இல் சேர்த்தால் பத்தில் ஒரு பங்கு. இன்னொரு பாத்திரத்தில் தண்ணீரும் ஒட்டுத் திரவமும் மட்டும். எல்லாவற்றிலும் ஒட்டுத் திரவம் ஒரே அளவு இருக்கவேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இந்தப் பாத்திரங்கள் மறுபடி சமையலறைக்குப் போகக்கூடாது.

மருந்து படாத கோஸ் இலையை உள்ளங்கை அளவு வெட்டி, பத்து விநாடி முக்கி எடுத்து, நிழலில் ஈரம் போகக் காயவிடுங்கள். ஒரு டப்பாவுக்கு ஓர் இலை, பத்துப் புழு. ஒவ்வோர் அளவுக்கும் நாலு டப்பா. மூடியில் ஊசித்துளை போட்டு, அடியில் காகிதம் விரியுங்கள். இறுக மூடிவிட்டால் இலையின் ஈரம் வியர்த்துப் புழு அதில் ஒட்டிச் செத்துவிடும். வீட்டுச் சோதனைகள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். வெயில் படாத அறையில் வையுங்கள். 28-ஆம் குழு மருந்துக்கு நாலு நாள் பொறுங்கள். தின்பது சீக்கிரம் நின்றுவிடும், சாவு மெதுவாகத்தான் வரும். மெல்லிய தூரிகையால் தொட்டும் அசையாததைச் செத்தது என்று எண்ணுங்கள்.

வெறும் தண்ணீர் டப்பாக்களில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் செத்திருந்தால் சோதனையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள். குறைவாகச் செத்திருந்தால் அதைக் கழிக்க வேண்டும். மருந்தில் 70, தண்ணீரில் 10 என்றால், 70-இல் 10 போக 60. அதை 90-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 67. வயல் அளவிலேயே மூன்றில் ஒன்று பிழைக்கிறது என்றால் அந்தக் குழுவை இந்தப் பட்டத்தில் நிறுத்துங்கள். அளவைக் கூட்டுவது தீர்வு ஆகாது. இரட்டைப் பிரதிப் புழுவுக்கு இரண்டு மடங்கு மருந்தும் பெரும்பாலும் பொருட்டில்லை, சாவது குளவிதான்.

அந்தக் குளவியைப் பற்றிக் கொஞ்சம். டயாடெக்மா என்ற ஒல்லியான கறுப்புக் குளவி ஐரோப்பாவைச் சேர்ந்தது. இந்தப் புழுவுக்காகவே ஆசியாவின் குளிர்ந்த மலைகளுக்குக் கொண்டுவரப்பட்டது. நீலகிரியில் நிலைத்தும் விட்டது. சமவெளி வெயில் அதற்கு ஆகாது. அந்துப்பூச்சியின் கூடு வலை போலத் திறந்து, உள்ளே பச்சைக் கூட்டுப்புழு தெரியும். அதற்குப் பதிலாக அந்த வலைக்குள் பீப்பாய் வடிவில் மூடிய கூடு இருந்தால் அது குளவி. நூறு கூட்டில் எத்தனை பீப்பாய் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத் தெளிக்கலாமா என்று முடிவு செய்வது நல்ல பழக்கம். மருந்தைத் தாங்கும் புழுவையும் தாங்காத புழுவையும் குளவி பிரித்துப் பார்ப்பதில்லை என்பதுதான் அதன் பெரிய அனுகூலம்.

25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு என்ற முறை பலருக்கும் தெரியும். ஒரு வரிசையை நடவுக்குப் பதினைந்து நாள் முன்பும், மற்றதை நட்ட 25 நாள் கழித்தும் விதைக்க வேண்டும். அப்போதுதான் ஒன்று முற்றும்போது மற்றது இளசாக இருக்கும். பெரும்பாலான முட்டை கடுகுக்குப் போய்விடும். தவறு எங்கே நடக்கிறது என்றால், கோஸுக்கு அடித்த அதே மருந்தைக் கடுகுக்கும் அடிப்பதில். சாதாரணப் பூச்சிகளின் கடைசிப் புகலிடத்தையும் அழித்துவிட்டால், தாங்கும் பூச்சி தன் இனத்தோடு மட்டும்தான் கூடும். கடுகில் புழு மிஞ்சினால் வேறு குழு மருந்தையோ வேப்பங்கொட்டைச் சாற்றையோ பயன்படுத்துங்கள். பூத்த பிறகு கடுகில் பூச்சிக்கொல்லியே வேண்டாம். பூந்தேன் குளவிக்கு உணவு.

கடைசியாக ஒரு விஷயம், பட்டாணி வைப்பவர்களுக்கு. கடுகு வாசனை இல்லாத செடியை இந்தப் பூச்சி தொடாது என்பதுதான் பாடம். ஆனால் 1999-இல் கென்யாவின் நைவாஷா ஏரிப் பக்கத்தில் பட்டாணி வயலைத் தின்று தீர்த்தது வைரமுதுகுப் புழுதான். ஆய்வகத்தில் கோஸ் புழுக்களைப் பட்டாணியில் விட்டபோது முதல் தலைமுறையில் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் பிழைத்தன. ஆறாம் தலைமுறையில் ஏறக்குறைய பாதி. அந்த இரண்டு மூன்றின் பிள்ளைகள்தான் எல்லாம். மருந்து எதிர்ப்பு பெரும்பாலும் ஒரு பெரிய மரபணுவில் நிற்கும். பட்டாணி தின்னும் திறனோ பல மரபணுக்களின் கூட்டு வேலை என்று கலப்புச் சோதனைகள் காட்டின.

அது புது இனமா என்றால், இல்லை. கோஸ் பூச்சியோடு கூடினால் பிள்ளைகள் பிறக்கின்றன. உணவு மாறியதால் மட்டும் இனம் பிரியாது. துணை தேடும் இடமும் காலமும் பிரிய வேண்டும். அமெரிக்காவில் ஹாதார்ன் என்ற காட்டுமரத்தின் பழத்தில் வாழ்ந்த ஓர் ஈ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்பிளுக்குத் தாவியது. ஆப்பிள் மூன்று நாலு வாரம் முந்திப் பழுக்கும். அந்த ஈ பழத்தின் மேலேயே கூடும், வாழ்வதும் ஏறக்குறைய ஒரு மாதம்தான். அதனால் இரண்டு கூட்டமும் சந்திப்பது குறைந்து, இன்று தலைமுறைக்கு நூற்றுக்கு நாலு முதல் ஆறுதான் கலக்கின்றன. மறுபக்கம், ஆஸ்திரேலியாவில் வைரமுதுகுப் பூச்சி என்று நினைத்திருந்ததற்குள் இன்னோர் இனம் ஒளிந்திருந்தது 2013-இல்தான் மரபெழுத்து மூலம் தெரியவந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அந்த இரண்டாவது இனம் மருந்துக்கு எளிதில் சாகிறது.

ஆகையால் கோஸ் அறுத்ததும் தண்டையும் கழிவு இலையையும் வரப்பில் விடாமல் உடனே மண்ணுக்குள் புதையுங்கள்; பசித்த புழு பக்கத்துப் பட்டாணியில் ஏறும் வழி அதுதான். பட்டாணி இலையில் பின்பக்கமாகத் துள்ளி, நூலில் தொங்கும் பச்சைப் புழுவைக் கண்டால் மருந்தை எடுக்காதீர்கள். பத்துப் புழுவை ஒரு டப்பாவில் போட்டு, பட்டாணி இலையை மட்டும் கொடுங்கள். கோஸ் இலை ஒரு துண்டும் சேரக்கூடாது. அவற்றில் ஒன்றாவது கூடு கட்டி, முதுகில் மூன்று கட்டத்தோடு வெளியே வந்தால், டப்பாவின் மேல் தேதி, ஊர், பக்கத்தில் முன்பு இருந்த பயிர் மூன்றையும் எழுதி ஒட்டித் தோட்டக்கலை அலுவலகத்தில் சேருங்கள். கலப்புச் சோதனைக்கு அந்தப் பூச்சி உயிரோடு வேண்டும். வணக்கம்.